அவதாரம் என்னும் சொல்லும் உடலற்ற உலகமும்

கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயராக 1950-இல் பொறுப்பேற்ற ஏ. ஜே. அப்பாசாமி, ‘அவதாரம்’ என்னும் சொல்லைக் கிறிஸ்தவ இறையியலில் எடுத்தாளும் வகையை ஆழ்ந்து ஆராய்ந்தவர். கிறிஸ்துவே ஒரே அவதாரம் என்பது அவர் கண்ட முடிவு. சென்னையில் வாழ்ந்த வெ. சக்கரையோ, கிறிஸ்துவின் அவதாரம் காரியம் முடிந்ததும் களையப்படும் தோற்றமன்று, என்றும் நிலைக்கும் மானிடமே என வலியுறுத்தினார். இத்துணைக் கவனத்தோடு அவர்கள் கையாண்ட சொல், இன்று கணினித் திரையில் நடமாடும் உருவத்திற்குப் பெயராகிவிட்டது. இதனை வெறும் பெயர் மாற்றமென நாம் தள்ளிவிடலாகாது.

1980-களில் கணினி விளையாட்டுகளில் புகுந்த இச்சொல்லை, நீல் ஸ்டீபன்சன் 1992-இல் வெளியிட்ட ‘ஸ்னோ கிராஷ்’ நாவல் பரப்பியது. ‘மெட்டாவெர்ஸ்’ என்ற சொல்லும் அந்நாவலில் பிறந்ததே. 2003-இல் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ அத்தகைய உலகொன்றைத் திரையில் அமைத்தது. அங்கே ஒருவர் தமக்கென ஓர் உருவம் சமைத்து, நிலம் வாங்கி, கடை நடத்தி, நட்பும் கொள்ளலாம். அவ்வுலகின் நாணயமாகிய லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

இது எங்கோ நிகழும் செய்தியன்று. கொங்கின் வட எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 2022 பிப்ரவரியில் மணமுடித்த தம்பதியர், தம் வரவேற்பை மெட்டாவெர்ஸில் நடத்தினர். கொரோனாக் கட்டுப்பாடுகள் நிலவிய காலம் அது. முந்திய ஆண்டில் மறைந்த மணமகளின் தந்தையும் ஓர் உருவமாக அங்கே தோன்றினார். தகப்பனை இழந்த மகளின் ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்வுருவத்தை இயக்கியது பிறர் கை. அது நினைவுக்கு உதவும் படமேயன்றி, நாம் அறிக்கையிடும் பரிசுத்தவான்களின் ஐக்கியம் ஆகாது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியது தழும்புள்ள உடல். திரையுருவத்திற்கோ தழும்பில்லை, வேண்டும்போது மாற்றலாம், வேண்டாதபோது அழிக்கலாம். சக்கரை மறுத்த ‘களையப்படும் தோற்றம்’ இதுவே அன்றோ?

வணிகத்தையும் நோக்குவோம். செகண்ட் லைஃபில் மிகுதியாக விற்கப்படும் பொருள்களுள் ஒன்று, உருவங்களுக்கான ஆடை. திருப்பூர்ப் பின்னலாடைக்கு நூல் வேண்டும், சாயம் வேண்டும், இரவுப் பணியில் கண் விழிக்கும் தொழிலாளர் வேண்டும். திரையாடைக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டா. நொய்யலைச் சாயக்கழிவு கெடுத்ததையும், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் அறிந்தோர், நூலில்லா ஆடை ஆற்றையேனும் கெடுக்காதே என வாதிடக்கூடும். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் அவ்வுலகைத் தாங்கும் கணினிகளும் மின்சாரம் உண்கின்றன. மேலும், அவ்வாடை எவர் குளிரையும் போக்குவதில்லை. நியாயத்தீர்ப்பு நாளில் நம்மிடம் கேட்கப்படுவது உடுத்தப்பட்ட உடலைப் பற்றியே.

அப்படியாயின் திருச்சபை இவ்வுலகைப் புறக்கணிக்க வேண்டுமா? 2004-இல் பிரிட்டனின் மெதடிஸ்டு சபை ஆதரவுடன் ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ என்னும் திரையாலயம் திறக்கப்பட்டது. 2020-இல் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது நாமும் திரைவழியே ஆராதித்தோம். படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கு அத்தகைய வழி மெய்யான ஆறுதல் தருவதை மறுப்பது அன்பாகாது. நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அவ்வழி நம்மை அந்நோயாளியின் கட்டிலருகே கொண்டு சேர்க்கிறதா, அன்றிச் செல்லாதிருக்கச் சாக்காகிறதா? வார்த்தை மாம்சமானார் என்று போதிக்கும் ஆயர், தம் உருவத்தை அனுப்பியபின் தாமும் புறப்பட்டுச் செல்லக் கடமைப்பட்டவர்.