கணினியேட்டில் எழுத்துக் களைதல்: ஓர் ஆராய்ச்சி

திருவொற்றியூர்ப் பெருமானுக்கு எழுத்தறியும் பெருமான் என்னுந் திருநாமம் உண்டு. அரசனது ஓலையில் வரியிடையே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று எழுதியருளினார் என்பது தலவரலாறு; சேக்கிழாரும் இதனைச் சுட்டுவர். எழுதினோரும் அறியாமல் ஏட்டினுட் புகும் எழுத்து இந்நாளிலும் உண்டு. அது திருவருளான் வந்ததன்று; கணினியிற் பிரதிசெய்வோர் கைவழி வந்தது.

அத்தகையவற்றுள் ஒன்று அகலமில்லா இடைவெளி. அது கட்புலனாகாது. தேவாரப் பாடத்தில் ஒரு சொல்லினிடையே அஃது இருப்பின், தேடுங் கருவிகள் பலவற்றுக்கு அச்சொல் அகப்படாது. ஆதலின் களைதல் வேண்டுமென்பதில் ஐயமில்லை. களையும் முறையிலேதான் குற்றம் நேர்கின்றது.

சிலர் 'டிஆர்' என்னுங் கட்டளையாற் களைவர். லினக்சில் நெடுங்காலம் வழங்கிவரும் குனூ 'டிஆர்' எழுத்தை நோக்காது, பைட்டுகளையே தனித்தனி நோக்குவது. யூடிஎப்-8 முறையில் அவ்விடைவெளி 'ஈ2, 80, 8பி' என மூன்று பைட்டாம். இவற்றை நீக்குக எனின், 80-ஐயும் 8பி-யையும் எங்குக் காணினும் அது நீக்கிவிடும். ஈகாரக் குறியின் இறுதிப் பைட்டு 80. ஓகாரக் குறியின் இறுதிப் பைட்டு 8பி. எனவே சீகாழியும் கோளிலியும் ஒருங்கே சிதையும். ஒற்றியூர் என்னுஞ் சொல்லில் இவ்விரு குறியும் இன்மையின் அது பிழைக்கும். ஈண்டும் ஒற்றியூர் நீங்கலாயிற்றுப் போலும்! 'செட்' கட்டளையோவெனின், மூன்று பைட்டும் அம்முறையே அடுத்து நிற்குமிடத்தையே கொள்ளுதலின் இவ்விடர்ப்பாடு அதற்கில்லை.

மற்றொருசாரார் பெர்ல் மொழியால் 'எழுத்தல்லன யாவும் நீக்குக' என விதிப்பர். இது முன்னையதினுங் கொடிது. யூனிகோடு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்து வகையில் வையாது குறி வகையில் வைத்துளது. அதனால் திருவொற்றியூர் 'தரவறறயர' என எஞ்சும். பண்டை ஓலைகளிற் புள்ளி இடாது விடுத்தாருளர். அவர் கற்பாரது புலமையை நம்பி விடுத்தனர். இகரமும் உகரமும் இழந்த ஏட்டை எப்புலவர் படிப்பர்? 'எழுத்தும் குறியும் அல்லன' என விதித்தலே முறை.

இன்னும் ஒன்று. 'செட்' கட்டளையோடு 'ஐ' என்னும் விருப்பக்குறியை வாளா சேர்ப்பின் மூலக்கோப்பே மாறிவிடும். ஒப்புநோக்கற்குப் பழம்பிரதி இராது. அக்குறியின்பின் ஓர் ஒட்டுப்பெயர் கொடுப்பின் பழம்பிரதி தனியே நிற்கும். அதன்பின் 'டிஃப்' கட்டளையால் இரண்டினையும் வரிவரியாக ஒப்பிட்டு, நீங்கியது யாது, நீங்கத்தகாதது யாது என்று காண்க.