சட்டத்தின் சொல்லும் ஹேர்பேட்டின் நகையும்

ஒரு சூத்திரத்தில் வரும் ‘உம்’ என்னும் இடைச்சொல் எச்சவும்மையோ முற்றும்மையோ என்று உரையாசிரியர்கள் நிகழ்த்தும் வாதங்களிற் பயின்ற நம்மவர்க்கு, ஏ. பி. ஹேர்பேட் (1890–1971) என்னும் ஆங்கில நகைச்சுவையாளர் முற்றும் அந்நியராகத் தோன்றார். அவர் 1918இல் பாரிஸ்டர் தகுதி பெற்றவர். ஆயினும் அத்தொழிலை நடத்தியவரல்லர். 1924 முதல் ‘பஞ்ச்’ சஞ்சிகையில் அவர் எழுதிவந்த கற்பனை வழக்கறிக்கைகளுட் பல 1935இல் ‘அன்கொமன் லோ’ என்ற பெயருடன் ஒரு நூலாயின. ‘கொமன் லோ’ என்பது இங்கிலாந்தின் பொதுச்சட்டம். அதற்கு எதிர்மறை கொடுத்தமையால், பொதுவல்லாத சட்டம் என்றும் வழமைக்கு மாறான சட்டம் என்றும் அத்தலைப்பு இருபொருள் படும்.

இவற்றுட் பெரும்புகழ் பெற்றது பசுவின் வழக்கு. அல்பேட் ஹடொக் என்பார் வருமானவரி இறுக்கவேண்டியவர். அவர் 57 பவுணுக்கான காசோலையை ஒரு வெண்பசுவின் உடலில் எழுதி, அதனை வரியதிகாரியிடம் ஓட்டிச் செல்கின்றார். காசோலையின் முதுகிற் கையொப்பமிட்டாலன்றி வங்கியிற் சேர்ப்பிக்க இயலாது. முதுகுக்குரிய பசுவோ அதற்கு இசையவில்லை. அதிகாரி மறுத்துவிட, பசுவுடன் வெளிவந்த ஹடொக் வீதிக்கு இடையூறு விளைத்தாரென்று கைதாகின்றார். நீதிமன்றத்தில், கைக்குட்டையிலும் மதுப்போத்தலின் சுட்டியிலும் தாம் முன்னர் எழுதிய காசோலைகள் தடையின்றிச் செல்லுபடியாயின என்று அவர் சாட்சியம் கூறுகின்றார்.

இதிற் பொய் யாது? 1882ஆம் ஆண்டின் ஆங்கில மாற்றுண்டியற் சட்டம், உண்டியலென்பது எழுத்திலமைந்த நிபந்தனையற்ற கட்டளையாதல் வேண்டும் என்று விதிக்கின்றது. எதன்மேல் எழுதுதல் வேண்டும் என்று விதிக்கவில்லை. அதனைப் பின்பற்றியெழுந்த நமது 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியற் கட்டளைச்சட்டமும் அவ்வாறே. சட்டஞ் செய்தார் கடதாசியை மனத்திற் கொண்டனர், சொல்லிற் கொள்ளவில்லை. ஹேர்பேட் அவர்தம் மனத்தை ஒதுக்கிச் சொல்லை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அது இட்டுச்செல்லும் இடமெல்லாம் முகங்கோணாது நடக்கின்றார். நகையாடுகின்றேன் என்னுங் குறிப்பு நடையில் எங்கும் இல்லை. மெய்யான சட்ட அறிக்கையின் மிடுக்கு ஒரு வாக்கியத்திலாவது தளர்ந்திருப்பின் பசு வெறும் பசுவாய்விடும். (2006 முதல் நம் வங்கிகளிடையே காசோலையின் தாள் பயணஞ் செய்வதில்லை, அதன் படிமமே செல்கின்றது. ஹடொக் இன்று பசுவை நிழற்படம் எடுத்தாற் போதாதோ என்று மாணவரொருவர் வினவினால் யான் என் செய்வேன்!)

மற்றொரு வழக்கில் தேம்ஸ் நதி பெருகித் தெருவை மூடிவிடுகின்றது. அத்தெருவில் ஒருவர் மோட்டார் வண்டியில் வர, எதிரே ஹடொக் படகிலே வருகின்றார். இங்கிலாந்தின் வீதிமுறைப்படி வண்டி இடப்புறஞ் செல்லவேண்டும். நீர்வழி முறைப்படி படகு வலப்புறஞ் செல்லவேண்டும். இருவரும் தத்தம் விதியைச் சிறிதும் வழுவாது கைக்கொண்டமையாலேயே நேருக்கு நேர் முட்டிநிற்கின்றனர். புதிய பொறியும் பழைய நதியும் ஒரே இடத்திற் சந்திக்கும் என்பதைச் சட்டம் எதிர்பார்த்திலது. பசுவின் வழக்கினும் இதுவே நுட்பமானது என்பது என் துணிபு. இங்கே எவரும் குறும்பு செய்யவில்லை, வெள்ளந்தான் செய்தது.

எல்லாம் இத்தரத்தனவல்ல. மோட்டர் வள்ளம் செலுத்திய பெண்ணொருத்தி மற்றொரு வள்ளத்துடன் மோதுகின்றாள். அதிலிருந்தவர் நீரில் வீழ்ந்து தடிமன் பிடித்து வழக்கிடுகின்றார். கவனத்தின் அளவுகோலாகச் சட்டம் எங்கும் கூறுவது ‘நியாயமான மனிதனை’. ‘நியாயமான பெண்’ பொதுச்சட்டம் அறியாத பிறவி என்று நீதிபதி முடிவு செய்கின்றார். நகை சட்டநூலாரின் மறதியின்மேற் செல்கின்றதா, பெண்ணின்மேற் செல்கின்றதா என்பது தெளிவாகவில்லை. ஆசிரியர் இரண்டையும் அனுபவித்தார் என்றே ஐயுறுகின்றேன்.

ஆயினும் அவர் எழுத்தளவில் நின்றவரல்லர். 1934இல், பாராளுமன்றக் கட்டிடத்துள் உரிமப்பத்திரமின்றி மது விற்கப்படுகின்றதென்று, பொதுமக்கள் சபையின் சமையற்கூடக் குழுவினர்மீது தாமே குற்றஞ்சாட்டினார். பிரதம நீதியரசர் ஹியுவாட் பிரபு, அது சபையின் உள்விவகாரம், நீதிமன்றம் தலையிடாது என்று தள்ளினார். ஹேர்பேட்டின் முதற்றொகுதிக்கு (1927) முன்னுரை வழங்கியவரும் அவரே. மறுவருடமே ஹேர்பேட் அச்சபையின் உறுப்பினராகி, 1937இல் மணவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றுவித்தார். சொல்லை ஊன்றிப் படித்தவர்க்கே அதனை எங்கே மாற்றவேண்டும் என்பது தெரிகின்றது போலும்.

அவர்பால் யான் காணும் பெருங்குறை வேறு. ஹடொக்குக்கு வழக்காட எப்பொழுதும் ஓய்வுண்டு, பொருளுண்டு, அவர் வாதத்தை இறுதிவரை செவிமடுக்க ஒரு நீதிபதியும் உண்டு. பசுவுடன் வந்தவன் கூலியாளாயின் கதை காவற்கூடத்தோடு முடிந்திருக்கும். குடிமகன் அதிகாரியிடம் சொல்லைப் பிடித்து நிற்பின் அது நகைச்சுவை. அதிகாரி குடிமகனிடம் அவ்வாறு நிற்பின் அதற்கு வேறு பெயர். அப்பக்கத்தை ஹேர்பேட் அதிகம் எழுதினாரல்லர்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ‘சண்முகம்’ என்றும் ஆளடையாள அட்டையில் ‘சன்முகம்’ என்றும் பதிவாகியிருந்தது. ஓர் அலுவலகத்தின் கணனி இருவரும் வேறென்று கூறிற்று. எழுதுவினைஞர் அனுதாபத்துடன் திரையைத் திருப்பிக் காட்டினார். கணனியுடன் வாதிடுதல் எங்ஙனம்? முப்பது வருடம் ணகர னகர வேறுபாடு கற்பித்த அவர், ஈற்றில் தாம் தாமே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தார். அதிலும் பெயர் பிழையாகவே தட்டச்சிடப்பட்டிருந்ததாம்.