அணிவகுப்பைப் பார்த்தல்

உருவம் பற்றி நம் வட்டத்தில் நடந்த சச்சரவுகளுக்குக் கணக்கில்லை. ஆனால், உருவத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதது போலத் தோன்றும் ஒரு காரியத்தை நம்மில் யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டதாக நினைவில்லை. ராணுவ அணிவகுப்பைச் சொல்கிறேன். ஆயிரம் கால்கள் ஒரே காலாகின்றன. முகங்கள் உடைக்குள் மறைந்துவிடுகின்றன. யாரும் எதையும் சொல்வதில்லை. ஆனாலும் பார்க்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. எனக்கும்தான். ஜனவரி 26 அன்று தொலைக்காட்சியில் டாங்கிகள் வரும்போது, செம்பரம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘இது நம் ஆவடியில் செய்தது’ என்று நான் சொல்லிக்கொள்ளாத வருஷம் இல்லை. இந்தப் புல்லரிப்பை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

அந்த டாங்கிகளின் பூர்வீகம் ருஷ்யா. டி-72, டி-90 இரண்டும் அங்கே பிறந்து, ‘அஜேயா’, ‘பீஷ்மா’ என்று இங்கே பெயர் சூடிக்கொண்டவை. அணிவகுப்புக் கலையும் ருஷ்யாவில் முற்றி வளர்ந்த ஒன்று. ஜார் முதலாம் பாவெல் பிரஷ்ய மாதிரி உடையையும் நடையையும் தன் சேனைமீது திணித்தார். அவர் மகன் முதலாம் நிக்கோலாய் காலத்தில் அதுவே ராஜ்யத்தின் இலக்கணமாயிற்று. 1917 டிசம்பரில் புரட்சி அரசு பதவிகளையும் தோள்பட்டைச் சின்னங்களையும் ஒழித்தது. 1943 ஜனவரியில் ஸ்டாலின் தோள்பட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். புரட்சி கழற்றியதை யுத்தம் மாட்டிவிட்டது. 1945 ஜூன் 24 அன்று செஞ்சதுக்கத்தில், கொட்டும் மழையில், புது அணிவகுப்பு உடையில் வந்த வீரர்கள் ஜெர்மானியக் கொடிகளை லெனின் சமாதியின் அடியில் எறிந்தார்கள். அதன் 75ஆம் ஆண்டில், 2020 ஜூன் 24 அன்று, இந்தியப் படையினர் 75 பேர் அதே சதுக்கத்தில் நடந்தார்கள். ஆக, இது நமக்கு அந்நிய விஷயம் அல்ல.

ருஷ்ய எழுத்தாளர்கள் இந்த உடைக்குள் இருந்து வந்தவர்கள். டால்ஸ்டாய் பீரங்கிப் படை அதிகாரி. குப்ரின் காலாட்படை அதிகாரி. முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைப் புத்தகங்கள் வழியே நாம் அவர்களிடமிருந்து கருணையைப் பெற்றுக்கொண்டோம். உடையைப் பற்றி அவர்கள் சொன்னதை விட்டுவிட்டோம்.

டால்ஸ்டாய் 1903இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1911இல் அச்சான ‘நடனத்துக்குப் பிறகு’ கதையைப் பாருங்கள். இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணிடம் மயங்கிக் கிடக்கிறான். நடன விருந்தில் அவளுடைய தகப்பனார், ஒரு கர்னல், மகளோடு ஆட வருகிறார். விதி விதிதான் என்ற பாவனையில் சிரித்தபடி வலது கையில் மெல்லிய தோல் கையுறையை மாட்டிக்கொள்கிறார். காலில் பழைய மோஸ்தர் பூட்ஸ். மகளுக்கு நல்ல உடை வாங்கத் தன் செலவைக் குறைத்துக்கொண்டவர் என்று இளைஞன் உருகிப்போகிறான். மறுநாள் விடியற்காலை மைதானத்தில் இரண்டு வரிசையாகச் சிப்பாய்கள். முரசு, குழல். தப்பியோடிப் பிடிபட்ட தாத்தாரியன் ஒருவனை, இடுப்புக்குமேல் துணியில்லாமல், வரிசைகளுக்கு நடுவே நடத்தி இருபுறமும் அடிக்கிறார்கள். கர்னல் அதே நிமிர்ந்த நடையில் கூடவே வருகிறார். ஓங்கி அடிக்காத சிப்பாய் ஒருவனை முகத்தில் அறைகிறார். அறைகிற கையில் கையுறை.

நல்ல கர்னல், கெட்ட கர்னல் என்று இங்கே இருவர் இல்லை. அவர் வேஷம் போடவுமில்லை. மகள்மீது வைத்த அன்பும் நிஜம். வரிசை, தாளம், சங்கீதம், கையுறை: நடனத்துக்கும் தண்டனைக்கும் ஒரே உருவம். கதையின் பயங்கரம் அதுதான்.

குப்ரின் ‘துவந்த யுத்தம்’ (1905) நாவலில் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறார். அணிவகுப்பில் நடக்கும் ரமஷோவ் என்ற இளம் அதிகாரி, தான் எவ்வளவு அழகாக இருக்கிறோம் என்று கனவு காண்கிறான். அந்தக் கனவில் அவன் விலகி நடக்க, பின்னால் வந்த வரிசை குலைந்து மந்தையாகிவிடுகிறது. பின்னால் வருகிறவர்களை மறந்து தன் அழகைப் பார்த்தவனின் கதி. நம் கவிஞர்களுக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு நவம்பர்தோறும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க ஒரு பெரியவர் வருவார். ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் தையல்காரராக இருந்தவர். அணிவகுப்பு பார்ப்பதுண்டா என்று ஒருமுறை கேட்டேன். “பாப்பேன் தம்பி. சல்யூட் அடிக்கக் கை தூக்கறப்ப அக்குள்கிட்ட இழுக்குதான்னு பாப்பேன். நான் கை தைக்கிறவன்தானே. உடம்பும் கழுத்தும் வேற ஆளுங்க” என்றார்.

சமீபத்தில் நான் கேட்ட சிறந்த விமர்சன வாக்கியம் இதுதான். எல்லோரும் சல்யூட்டைப் பார்க்கும்போது அவர் தையலைப் பார்க்கிறார். எங்கே இழுக்கிறது என்று பார்க்கிறார். டால்ஸ்டாய் கையுறையைப் பார்த்ததும் இப்படித்தான்.

இந்தப் பார்வை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதிகமானின் தூதாகப் போன ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்க்கிறாள். செம்பரம்பாக்கமும் ஆவடியும் அந்தத் தொண்டை நாட்டில் சேர்ந்தவையே. பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலில் வைத்திருக்கும் வேல்களை ‘இவை’ என்கிறாள். அதிகமானுடையவை, பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பவை, ‘அவை’. புகழ்வது போல இகழ்ந்தாயிற்று. ஆனால் ஔவை போரை மறுக்கவில்லை. வேல் பயன்பட்டதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறாள். யாருடைய முதுகில் பயன்பட்டது என்று டால்ஸ்டாய் கேட்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தமிழ்ப் படைப்பு இன்னும் கடக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

ஆவடியில் இரண்டு தொழிற்சாலைகளும் 1961இல் வந்தவை. டாங்கிக்குத் தகடு ஒட்டியவர்களும் சட்டைக்குக் கை தைத்தவர்களும் தலைமுறை தலைமுறையாக நம் பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்கள். நான் படித்த அளவில், அவர்கள் பார்த்த அணிவகுப்பு தமிழில் எழுதப்படவில்லை. ருஷ்யச் சிப்பாய்க்காகப் புத்தகத்தின் மேல் கண்ணீர் விட்டவர்கள் நாம். அடுத்த ஜனவரியிலும் எனக்குப் புல்லரிக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதை ரசனை என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல், அந்தப் பெரியவரைச் சந்தித்த பிறகு, எனக்கு இல்லை.