வரைவுகளும் பிரதிபேதமும்: ஏ.கே. இராமானுஜன் தாள்களை முன்வைத்து

மொழிபெயர்ப்புத் திறனாய்வு பெரும்பாலும் அச்சேறிய பாடத்தையே ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. மூலநூற் பதிப்பில் இவ்வாறு நிகழ்வதில்லை. உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு, பிரதிபேதங்களையும் காட்டிச் செல்கிறது. பதிப்பாசிரியரின் தேர்வை ஏற்கவும் மறுக்கவும் கற்போர்க்கு அதனால் இயலும். அத்தொகையின் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. இராமானுஜனை (1929-1993) மதிப்பிடும்போது மட்டும் இந்நெறி கைவிடப்படுகிறது.

செம்புலப்பெயனீரார் பாடலை எடுத்துக்கொள்ளலாம். புலவர்க்குப் பெயராகவே நிலைத்துவிட்ட அத்தொடரில் 'நீர்' என்பதே தலைமைச்சொல். நிலமும் பெயலும் அதற்கு அடை. மண்ணின் நிறத்தை ஏற்றுக் கலந்துவிட்ட ஒரு பொருளையே தமிழ்த்தொடர் சுட்டுகிறது. 1967இல் வெளிவந்த ஆங்கில ஆக்கத்திலோ செம்மண்ணும் மழையும் இணைப்பிடைச்சொல்லால் ஒத்த நிலையில் நிறுத்தப்படுகின்றன. இது பிழையா, தெரிந்தே செய்த மாற்றமா? தமிழின் ஆக்கமுறை இலக்கணம் பற்றி இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்து 1963இல் முனைவர் பட்டம் பெற்றவர்க்குத் தொகையின் அமைப்புத் தெரியாதிருந்திருக்க இயலாது. முதல் வரைவிலேயே இவ்வடிவம் அமைந்ததா, ஆங்கில ஓசை கருதிப் பின்னர் வந்ததா என்பதற்கு அச்சுநூலில் விடையில்லை. விடை எஞ்சியிருப்பின் அது வரைவுத் தாள்களிலேயே இருத்தல் வேண்டும்.

அத்தாள்கள் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் பாதுகாக்கப்படுகின்றன. 1962இல் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி அதே பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்து அடித்தளத்துக்குச் சென்றபோதுதான் சங்கப் பாடல்களை அவர் கண்டடைந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

காத்தல் என்பது தாளைப் பூச்சியினின்று காப்பது மட்டுமன்று. விட்டுச்சென்றவரின் வரிசையைக் குலைக்காதிருத்தல் ஆவணவியலின் முதல் நெறி. வகுப்புக் குறிப்பின் பின்புறத்தில் ஒரு பாடலின் வரைவு இருக்குமாயின், பொருள்வாரியாக அடுக்குவோர் அத்தாளை மொழியியலில் வைப்பரா, கவிதையில் வைப்பரா? எங்கு வைப்பினும் ஓர் உறவு அறுபடும். கணிப்பொறியின் வரவு இச்சிக்கலை வேறொரு வகையில் மிகுவிக்கிறது. அவர் மறைந்தபின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற இறுதிக்காலக் கவிதைகள் கணிப்பொறி வட்டுகளிலிருந்து பிறரால் தெரிந்தெடுக்கப்பட்டவை. தாளில் அடித்த சொல் அடித்தலின் கீழும் தெரியும். வட்டிலோ மேலெழுதப்பட்டால் முன்னைய சொல் பெரும்பாலும் மறைந்துபோகும்.

இத்தொகுப்பைப் பயன்கொண்ட நூல்கள் இல்லாமலில்லை. கியேர்மோ ரோத்ரிகெஸின் 2016ஆம் ஆண்டு ஆய்வு கவிதைக் கொள்கையை விரிவாக ஆராய்கிறது. 2019இல் கிருஷ்ணா இராமானுஜனும் அவரும் பதிப்பித்த நாட்குறிப்பு நூல் வாழ்வைக் காட்டுகிறது. இரண்டும் மதிப்புடையவை, ஆயினும் சங்கப் பாடல் வரைவுகளின் மூலபாட ஆய்வு இவற்றின் நோக்கமன்று. எதிர்த்திசையில், வசன மொழிபெயர்ப்புகள் குறித்துத் தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் எழுப்பிய கடுமையான வினாக்கள் அச்சுப்பாடத்தையே சான்றாகக் கொண்டவை. பாடம் உணர்த்தும் அரசியலை ஆராய அது போதுமானதே. ஆனால் மொழிபெயர்ப்பாளரின் கருத்து இன்னதெனத் துணியுமிடத்து அச்சுப்பாடம் தனித்துச் சான்றாகாது.

1967ஆம் ஆண்டு நூலிலுள்ள பாடல்களுக்கேனும், கிடைக்கும் வரைவுகளை ஒப்பிட்டுப் பிரதிபேதம் காட்டும் பதிப்பொன்று வேண்டும். அதனைச் செய்பவர் பழந்தமிழ் கற்றவராகவும், ஆங்கிலச் செய்யுளின் வரியமைப்பை அறிந்தவராகவும், கன்னடக் கையெழுத்தைப் படிக்க வல்லவராகவும் இருத்தல் நன்று. சிகாகோ சென்று தங்கும் வாய்ப்பு இந்திய ஆய்வாளர் பலர்க்கும் அரிதாதலின், அத்தாள்களின் படிகள் இந்திய நூலகம் ஒன்றிலேனும் வைக்கப்பட்டாலன்றி இப்பணி தொடங்குதல் அரிது.