வாளும் வயிறும்: இரு யப்பானியத் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

‘வாள் சாமுராயின் ஆன்மா’ என்னும் கூற்று யப்பானியப் பண்பாடு பற்றிய நூல்களிலே திரும்பத் திரும்ப இடம்பெறுவதாகும். போர்க்கருவி ஒன்று ஆன்மாவாக உயர்த்தப்படும்போது அவ்வுயர்வு யாருக்குப் பயன்பட்டது என்னும் வினா எழுதல் வேண்டும். அவ்வினாவைக் கலைவழியே எழுப்பிய படைப்புகளுள் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’ (1954), மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) ஆகியன குறிப்பிடத்தக்கவை. இரண்டினதும் திரைக்கதையாக்கத்திற் பங்குகொண்டவர் ஷினோபு ஹஷிமோட்டோ என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

வரலாற்றை நோக்குமிடத்து, போர்க்களத்தில் நெடுங்காலம் வில்லும் பின்னர் ஈட்டியுமே முதன்மை பெற்றிருந்தன. 1543இல் போர்த்துக்கேயர் வழியாகத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. 1588இல் டொயோடோமி ஹிதேயோஷி குடியானவரிடமிருந்த வாள்களைப் பறிமுதல் செய்தார். அவ்விரும்பு பெரும் புத்தர் சிலைப் பணிக்கு ஆணிகளாகும் என்று காரணங் கூறப்பட்டது. அடுத்து வந்த தொக்குகாவா ஆட்சியின் நீண்ட அமைதிக் காலத்திலே, நெடுவாளையும் குறுவாளையும் ஒருங்கே அணிதல் சாமுராய் வகுப்பின் தனியுரிமையாயிற்று. களத்தில் வாளின் தேவை குறையக் குறைய அதன் புனிதம் வளர்ந்தது எனலாம். 1876இல் பொதுவிடங்களில் வாள் அணிதல் தடைசெய்யப்பட்டதோடு அவ்வுரிமையும் முடிவுற்றது.

குரோசாவா வாளைக் கருவியாகவே காட்டுகிறார். இறுதிப் போருக்கு முன்னர் கிகுச்சியோ பல வாள்களை மண்ணில் நட்டுவைக்கிறான். ஒரு வாள் பலரை வெட்டத் தாங்காது என்பதே காரணம். எழுவருள் இறக்கும் நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே பலியாகின்றனர். அவர்களுள் வாள்வித்தையில் நிகரற்ற கியூசோவும் ஒருவன். திறமையைக் குறைத்துக் காட்டாமலே அதன் காலம் முடிந்ததைப் படம் உணர்த்திவிடுகிறது.

‘ஹராகிரி’ இன்னும் ஆழமாகச் செல்கிறது. கதை நிகழும் ஆண்டு 1630. தலைவனை இழந்து வறுமையுற்ற இளைஞன் மோட்டோமே, நோயுற்ற மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் தன் வாள்களை விற்றுவிடுகிறான். உறையினுள் இருப்பவை மூங்கில். அதை அறிந்த ஈயி குடும்பத்தார், அம்மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துச் சாகுமாறு அவனைக் கட்டாயப்படுத்துகின்றனர். அவன் மாமனார் ஹன்ஷிரோவை வருத்துவது அக்கொடுமை மட்டுமன்று. தன் வாளை விற்கும் எண்ணம் தனக்கு ஒருபோதும் தோன்றவில்லையே என்பதும் அவரை வாட்டுகிறது. பசியின் முன் ‘ஆன்மா’வின் விலை யாதென இவ்விடத்திலே புலனாகிறது.

எனினும் இப்படத்தின் இறுதிப் பகுதி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஹன்ஷிரோ தனியொருவராகப் பலரை எதிர்த்து நிற்கும் நீண்ட வாட்போர், படம் முழுவதும் மறுத்துவந்த கவர்ச்சியையே ஓரளவு மீட்டுத் தருகிறது. அவரை நோக்கித் துப்பாக்கிகள் நீட்டப்படும்போதும், நிகழ்ந்தவை குடும்ப ஏட்டில் மறைத்தெழுதப்படும்போதும் படம் தன் நோக்கத்துக்கு மீள்கிறது.

இரு படங்களுக்கும் பொதுவான குறையொன்று உண்டு. வாளை ஏந்துவோன், இழப்போன், விற்போன் எல்லோரும் தோன்றுகின்றனர், ஆக்குவோன் தோன்றுவதில்லை. மண் உலையிலே இரும்பு மணலையும் கரியையும் மாறிமாறி இட்டு, ஏறத்தாழ மூன்று நாள் இரவு பகலாகக் காத்து உருக்கு எடுக்கப்படுகிறது. அதைக் கொல்லர் பலமுறை மடித்து அடித்துக் கசடு நீக்குகின்றனர். வாளின் முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசிக் காய்ச்சி நீரில் தோய்க்கும்போது, விரைவாகக் குளிரும் வாய் கடினமாகிறது; மெதுவாகக் குளிரும் முதுகு முறியாத தன்மை பெறுகிறது. புகழ்பெற்ற வளைவும் இத்தோய்ப்பிலேயே முழுமை பெறுகிறது. பின்னர் தீட்டுவோரும் உறை செய்வோரும் தத்தம் உழைப்பைச் சேர்க்கின்றனர். கொல்லன் தன் பெயரைப் பொறிப்பதோ பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில்.

வாளின் புனிதத்தை உடைத்தமை இவ்விரு படைப்புகளின் நிலையான சாதனையாகும். ஆயின் பொருளொன்றின் மாயையை முற்றாகக் களைவதற்கு அதனைப் பயன்படுத்தியோரின் துயரை மட்டும் காட்டுதல் போதாது. அதனை ஆக்கியோரின் உழைப்பும் கலையுள் இடம்பெறுதல் வேண்டும். பிடியைக் கழற்றி அப்பெயரை வாசிக்கும் பணி இன்னும் எஞ்சியே உள்ளது.