ஒட்டுப்போட்ட கேர்னல்

பிசிக்கென்று செய்த கிராபிக்ஸ் காட்டை றாஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பூட்டி லினக்ஸில் ஓடவிடுவது இப்போது பெரிய மோகம். யூடியூபர் ஜெஃப் கீர்லிங் 2024 இல் பை 5 இல் ஏஎம்டி ரேடியான் காட்டை இயக்கிக் காட்டியதிலிருந்து தொண்டைமானாற்றுப் பக்கத்து இளைஞர்களும் பள்ளிக்கூடங்களுக்கு இதுதான் மலிவான வழி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நன்மை இல்லாமலில்லை. 2022 இல் இலங்கையில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களைக் கண்டவர்களுக்குச் சில வாற்றில் ஓடும் கணினியின் அருமை தெரியும். என்விஎம்இ தட்டுகளும் நெட்வேர்க் காட்டுகள் பலவும் பையில் ஒழுங்காக ஓடுகின்றன. பிசி பயோஸ் இல்லாததும் பெருந்தடையல்ல: ஒரு காலத்தில் அல்ஃபா இயந்திரங்கள் பிசி காட்டை எழுப்பவே எக்ஸ்86 எமியூலேட்டரைச் சுமந்தன, இன்று ரேடியானின் ரொம்மிலுள்ள கட்டளைகளை லினக்ஸ் டிரைவரே வாசித்து நடத்திவிடும்.

தடை நினைவகத்தில் இருக்கிறது. பிசியில் காட் நினைவகத்தில் எழுதியதைச் சிபியுவின் கேஷ் தானாக அறியும். பையின் பிசிஐஇ இணைப்பில் அந்த ஒத்திசைவு இல்லை. காட்டின் நினைவகத்தில் ஒழுங்கில்லாத முகவரியில் எழுதினால் பிசி பொறுத்துக்கொள்ளும். ஆர்ம் சிப் நிரலையே நிறுத்திவிடும். ஆகவே லினக்ஸின் கருவான கேர்னலுக்கு ஒட்டு (பட்ச்) போட்டு, நாமே கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த ஒட்டை யார் பராமரிப்பது? இதைத்தான் நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். மூலக் கேர்னலில் சேர்ந்த டிரைவர் என்றால், கேர்னலின் உள்ளமைப்பை மாற்றுபவரே அதையும் திருத்தித் தரவேண்டும். அது லினக்ஸின் வழமை. வெளியே நிற்கும் ஒட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த அப்டேட்டில் அது ஒட்டாமல் போகலாம். அந்தப் பயத்தில் அப்டேட்டை நிறுத்திவைப்பார்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். எங்கள் ஊரில் இது இன்னும் மோசம். ஒட்டுப்போட்ட பிள்ளை மொறட்டுவைக்கோ கனடாவுக்கோ போய்விடும். மிஞ்சுவது தொடப் பயப்படும் ஆசிரியரும் எழும்பாத இயந்திரமும்தான்.

மலிவு என்பதும் நிற்கவில்லை. காட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பை தராது. தனி பவர் சப்ளை வேண்டும். அதோடு சில வாற் பெருமையும் போகிறது. பிசிஐஇ இணைப்போ ஒற்றைத் தடம், நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடப்டர் முனைகளுக்கு எங்கள் கடற்கரை உப்புக்காற்று வேறு. அதே காட் பழைய அலுவலக டெஸ்க்டொப் ஒன்றில் ஒட்டு எதுவுமின்றி ஓடும்.

பிசி அல்லாத கணினியில் பிசி காட் ஓடவே கூடாது என்பதல்ல என் வாதம். ரிஸ்க்-ஃபைவ் கணினிகளில் புதிய ரேடியான் காட்டுகள் படம் காட்டத் தேவைப்பட்ட மாற்றம் 2024 இல் மூலக் கேர்னலின் 6.10 பதிப்பிலேயே சேர்ந்தது. தனியாக ஒட்டு எதையும் தேடிப் போகவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பையோடு காட்டைக் கொண்டுவரும் தம்பிமாரும் முதலில் தங்கள் ஒட்டை மூலக் கேர்னலில் சேர்ப்பிக்கட்டும். சேர்ந்த பிறகு நானும் சிபாரிசு செய்வேன்.