நாவலர் என் பாட்டியைத் திட்டுகிறார்

ஆறுமுக நாவலரை நான் படிக்க ஆரம்பித்தது கோபத்தில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கூடாயில் யூ.டி.எம். படித்த காலத்தில் தாமான் யுனிவர்சிட்டியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். அதில் ஒருவன் இரசாயனப் பொறியியல். பெயர் வேண்டாம், நண்பன் என்றே வைத்துக்கொள்கிறேன். முதலாண்டில் மாமாக் கடையில் எங்களோடு உட்கார்ந்து விடிய விடிய பந்து பார்த்தவன். இரண்டாம் ஆண்டில் ஒரு திருமுறை வகுப்பில் சேர்ந்தான். மூன்றாம் ஆண்டில் ஃபிரிட்ஜில் கோழி வைக்கக்கூடாது என்றான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. நெற்றியில் மூன்று பட்டை, பையில் ஒரு சின்னத் தேவாரப் புத்தகம், வாயைத் திறந்தால் சைவம்.

அவனை ஒரு தடவை கூலாய் பக்கம் இருக்கும் எங்கள் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். செம்பனைத் தோட்டம். பாட்டி இளவயதில் அது ரப்பர் தோட்டமாக இருந்தது. லயத்துக்குப் பின்னால், எல்லையில், ஒரு மரத்தடியில் முனியாண்டி. ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரக் கூரை. வருஷா வருஷம் ஆடியில் பாட்டி சேவல் அறுப்பார், சுருட்டு வைப்பார், ஒரு பாட்டில் கறுப்பு ஸ்டவுட் ஊற்றுவார். நண்பன் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், ஆனால் நிறுத்தாமல் பேசினான். "பாட்டி, உயிர்ப்பலி சைவத்துல கிடையாது. முனியெல்லாம் நம்ம கும்பிடுற தெய்வம் இல்ல. சிவனைக் கும்பிடுங்க."

பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "சிவன் பெரிய சாமி தம்பி, கும்பிட்டுக்கிறேன். ஆனா நாலு மணி இருட்டுல பால் வெட்டப் போனப்ப என்கூட நடந்து வந்தது முனிதான்."

திரும்பி வரும்போது காரில் அவனைக் கண்டபடி ஏசினேன். அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "நான் சொல்லலடா. நாவலர் சொல்லியிருக்காரு. போய்ப் படி." அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுத்துப் பேசத்தான் படித்தேன். நூலகம் தளத்தில் நாவலர் நூல்கள் வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. 1872இல் வந்த 'யாழ்ப்பாணச் சமயநிலை'யைத் திறந்தால், நண்பன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. காடன், மாடன், கறுப்பன், முனி என்று பட்டியல் போட்டு, சைவன் என்று சொல்லிக்கொண்டு இவற்றின்முன் உயிர்க்கொலை செய்கிறவர்களை நாவலர் விளாசுகிறார். கண்ணகியையும் விடவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் நல்லூரில் பிறந்த ஒரு மனுஷர் கூலாயில் இருக்கும் என் பாட்டியைப் பெயர் சொல்லாமல் திட்டுவதுபோல இருந்தது.

கோபம் வந்தது. ஆனால் புத்தகத்தை மூட முடியவில்லை. காரணம் அந்த உரைநடை.

நாவலர் உரைநடையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம்: தமிழ் வசனத்தை வளர்த்தவர், நிறுத்தக்குறிகளைப் புகுத்தியவர்களில் முக்கியமானவர். அந்த ஒரு வரி அவரைப் படிக்கவிடாமல் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். நேரில் படித்தால் வேறு அனுபவம். ஒரு குற்றச்சாட்டு, அதற்குப் பதில், பதிலுக்கு ஆதாரம், ஆதாரத்தின் மேல் எதிராளி கேட்கக்கூடிய அடுத்த கேள்வி, அதற்கும் பதில். 'சைவ வினாவிடை' எங்கள் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் எஸ்.ஓ.பி. தாள் மாதிரியே இருக்கிறது. திருநீறு எப்படி எடுப்பது, எந்தத் திசை பார்த்து நிற்பது, கீழே சிந்தினால் என்ன செய்வது. எஸ்.ஓ.பி. எழுதிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், அப்படி எழுதுவது கஷ்டம். படிக்கிறவன் தப்பாகப் புரிந்துகொள்ள ஒரு ஓட்டைகூட இருக்கக்கூடாது. நாவலரிடம் ஓட்டை இல்லை. அதுவே அவருடைய பெரிய குறையும். வாசகன் உள்ளே நுழைய இடமில்லை. என் பாட்டி பேசுவதற்கு ஒரு வரிகூட அந்தப் பக்கங்களில் காலியாக இல்லை.

இந்த நடை எங்கிருந்து வந்தது? பாதிரிமாரிடமிருந்து. நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே ஆசிரியராக இருந்தவர், பீட்டர் பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்குக் கூடவே உழைத்தவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. என்னைவிடச் சின்னவர். கோயிலில் புராணம் படித்துப் பொருள் சொல்வது பழைய வழக்கம்தான். ஒரு தலைப்பை எடுத்து, ஊரைக் கூட்டி, இப்படி நட, அதை விடு என்று வாராவாரம் பேசுவது அவர் தேவாலயத்தில் பார்த்துக் கற்றது. பெர்னார்ட் பேட் என்ற மானிடவியலாளர், அவர் இறந்தபின் 2021இல் வெளியான புத்தகத்தில், தமிழ் மேடைப்பேச்சின் வேரை இங்கிருந்துதான் தேடுகிறார். அப்படிப் பார்த்தால் பெரியாரின் மேடையும் அண்ணாவின் மேடையும் நாவலருக்குக் கொஞ்சம் கடன்பட்டவை. எங்கள் பெரிய மாமா கேட்டால் அடிக்க வருவார். அவர் கறுப்புச் சட்டைக்காரர், 1929இல் பெரியார் மலாயா வந்த கதையை நேரில் பார்த்ததுபோலச் சொல்வார். அவரும் முனியாண்டியைத் திட்டுவார், நண்பனைவிடச் சத்தமாக. பாட்டி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு ஆடியில் சேவல் அறுப்பார்.

1854இல் வந்த 'சைவதூஷண பரிகாரம்' நாவலரின் உச்சம் என்பேன். பாதிரிமார் சைவத்தில் எதையெல்லாம் அநாகரிகம் என்றார்களோ, கோயில், பலிபீடம், விளக்கு, தூபம், தீர்த்தம், அதெல்லாம் உங்கள் பைபிளிலேயே இருக்கிறதே என்று இடம் சுட்டிக் காட்டுகிறார். எதிராளியின் புத்தகத்தை எதிராளியைவிட நன்றாகப் படித்தவரின் கோபம் அது. இன்றைக்கு மதத்துக்காகக் கத்துகிறவர்களில் எத்தனை பேர் எதிர்த்தரப்பின் நூலில் ஒரு பக்கமாவது படித்திருப்பார்கள்? நண்பனும் படித்ததில்லை. நானும்தான். நாவலரைப் படிக்காமலே அவரைப் பழமைவாதி என்று வகுப்பில் பேசியிருக்கிறேன்.

நம் இலக்கிய வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்தனில் இரண்டு வகை பிரித்து வைத்திருக்கிறோம். சத்தம் போடாத பக்தன், சித்தன், ஞானி நம் ஆள். சத்தம் போடுகிறவன் மதவெறியன். 2022இல் நாவலருக்கு இருநூறு, 2023இல் வள்ளலாருக்கு இருநூறு. பத்து மாதத்துக்குள் அடுத்தடுத்துப் பிறந்தவர்கள். என் வட்டத்தில் வள்ளலார் படம் போட்டு எழுதாதவர்கள் குறைவு. நாவலரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நானும் வள்ளலார் படம்தான் போட்டேன்.

இருவருக்கும் நடந்த சண்டை தெரிந்ததே. 1867இல் இராமலிங்கர் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில், திருமுறை திருமுறையாகப் பிரித்து அச்சாயின. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரை உயிரோடு இருக்கிற ஒருவர் பாட்டுக்கு வைப்பதா என்று நாவலர் கொதித்தார். 'போலியருட்பா மறுப்பு', கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம், கடைசியில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்றொரு கதை சொல்வார்கள். கதை அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். ப. சரவணன் தொகுத்த 'அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு' நூலைப் புரட்டினால் இந்த அழகெல்லாம் இல்லை. இரு தரப்பிலும் வசை, சிலேடை, கேலி. இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. மருட்பா பக்கம் நா. கதிரைவேற்பிள்ளை நின்றார். அருட்பா பக்கம் மறைமலையடிகள் நின்றார். கோட்டாற்றிலிருந்து ஒரு முஸ்லிம் புலவர், செய்குத்தம்பிப் பாவலர், வந்து நின்றார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு சைவச் சண்டையில் ஒரு முஸ்லிம் மேடையேறி வாதாட முடிந்த காலம்.

ஆனால் வள்ளலார் அமைதியான ஞானியா? ஆறாம் திருமுறையை ஒரே இருப்பில் படித்துப் பாருங்கள். சாதியும் சமயமும் சாத்திரமும் குப்பை என்கிறார், கடவுள் தன்னிடம் நேரில் வந்து பேசினார் என்கிறார், எல்லாரும் வாருங்கள் என்று தெருவில் நின்று கூவுகிறார். நாவலரைவிடப் பெரிய சத்தம். நமக்குப் பிடித்த கருத்தைச் சொல்வதால் அந்தச் சத்தம் நம் காதில் இசையாக விழுகிறது. அவ்வளவுதான்.

நாவலரைப் பற்றி ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். சாதி. அவர் கட்டிய பள்ளியும் எழுதிய வினாவிடையும் யாருக்காக என்று பார்த்தால், சைவ வேளாள வீட்டுப் பிள்ளை ஒருவன்தான் கண்முன் வருகிறான். என் பாட்டியின் அப்பா தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலிருந்து கப்பலேறினார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பையனை 1848இல் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலைத் திண்ணையில் உட்காரவைத்திருப்பார்களா? மாட்டார்கள். காலம் அப்படி என்பார்கள். அதே காலத்தில்தான் வடலூர்க்காரர் வேறு மாதிரிப் பாடினார்.

ஆனால் அங்கேயும் என் பாட்டிக்கு முழு இடம் இல்லை. வடலூர் சத்திய ஞான சபை வாசலில் கொலை புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. சேவல் அறுக்கிற கிழவி வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். பிறகு பக்கத்துத் தருமச்சாலைக்குப் போனால், 1867இல் மூட்டிய அடுப்பில் இன்றும் சோறு கிடைக்கும், யார் எவர் என்று கேட்கமாட்டார்கள். நாவலரும் 1870களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்குக் கஞ்சி ஊற்றியவர். சத்தம் போட்ட இரண்டு பேரும் சோறு போட்டிருக்கிறார்கள். சத்தம் பிடிக்காத நான் முகநூலில் பதிவு போட்டேன்.

2021இல், கோவிட் கட்டுப்பாட்டில், பாட்டி போய்விட்டார். ஆட்கள் கூடக்கூடாது. ஓதுவாரைக் கூப்பிட வழியில்லை. நெருங்கிய சொந்தமே பாதிப்பேர் வரவில்லை. அம்மா என்னிடம் "உன் கூட்டாளிக்குத் தேவாரம் தெரியுமே" என்றார். எனக்கு அவனைக் கூப்பிட வாய் வரவில்லை, அம்மாதான் அழைத்தார். முகக்கவசத்தோடு வந்து, லயத்து வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று, புத்தகம் பார்க்காமல் முக்கால் மணி நேரம் பாடினான். கம்பராமாயணமும் நவீனக் கவிதையும் பேசுகிற எனக்கு, பாட்டிக்காக மனப்பாடமாக நான்கு வரி தெரியாது. பெட்டியை மூடும் முன் சின்ன மாமா ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் பாட்டியின் கால்மாட்டில் வைத்தார். நண்பன் பார்த்தான். பாட்டை நிறுத்தவில்லை.

அவன் மாறிவிட்டான் என்று இதற்கு அர்த்தமில்லை. இப்போதும் ஃபிரிட்ஜில் கோழி வைக்கமாட்டான், இப்போதும் ஆடிப் பூசைக்கு வரமாட்டான். அவன் ஏன் அப்படி இறுகிப்போனான் என்பது மட்டும் கொஞ்சம் புரிகிறது. இங்கே சிறுபான்மையாக வளர்கிற பிள்ளையிடம் "உங்க சாமி ஏன் பீர் குடிக்குது?" என்று பள்ளியில் யாராவது கேட்டிருப்பார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன். அவன் பதில் தேடிப் போயிருக்கிறான், கிடைத்தது நாவலர். 1840களில் மிஷன் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்திருந்த நாவலர் காதிலும் அதே மாதிரிக் கேள்விதான் விழுந்திருக்கும். இருவரும் கண்ட பதில் ஒன்றே: கேலி செய்யப்படுகிற பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கோட்டையாகக் கட்டு. வெட்டி எறியப்பட்ட பகுதியில் என் பாட்டி இருந்தார் என்பதுதான் எனக்கு அவர்களோடு இருக்கும் வழக்கு. அந்த வழக்கை நான் விடப்போவதில்லை.

போன மாதம் அவனுக்கு வாட்சப்பில் ஆறாம் திருமுறையிலிருந்து ஒரு பாட்டு அனுப்பினேன். அவன் இப்போது சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறான். குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டே பதில் போட்டான்: "பாட்டு நல்லாருக்கு. ஆனா அதத் திருமுறைன்னு சொல்லாத." இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்த சண்டை, அவன் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு முடித்து, இரண்டு மணி வரை போனது.